மாடித்தோட்டமா, தூண்டிலா, ஏரிக்கரையா? ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு எது சரிவரும்

புதுச்சேரி சேதராப்பட்டில் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன வாரம் கேண்டீனில் கேட்டான்: "அண்ணே, வாரத்துல ஒரு நாள்தான் லீவு. தூங்கி எழுந்தா அதுவும் போயிடுது. மாடித்தோட்டம் போடட்டா, இல்ல உங்க கூட ஏரிக்குப் பறவை பாக்க வரட்டா?" எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "தூண்டில் வாங்குடா, குழம்புக்கு மீனாவது கிடைக்கும்" என்றார்.

மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். தோட்டம் நான்கு ஆண்டு, தூண்டில் ஒரு கோடை முழுக்க, பறவை பார்ப்பது இது ஆறாவது ஆண்டு. அதனால் தம்பிக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எது மலிவு, எது லாபம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. நான்கு நாள் நீங்கள் எட்டிப் பார்க்காவிட்டால் அது என்ன ஆகும்? நம் வேலையில் ஷிப்ட் மாறும், ஓவர்டைம் வரும், திடீரென்று சொந்தத்தில் சாவு விழும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அந்த நான்கு நாளைத் தாங்குமா என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முதல் கேள்வி.

மாடித்தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றிலும் நான் அதிகம் ஆசைப்பட்டது அதைத்தான்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பைகள் நாற்பது வைத்தேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. இந்த அளவுப் பை ஒன்று நனைந்த பிறகு சுமார் 20 கிலோ வரும். நாற்பது பை என்றால் 800 கிலோ. இதை மாடியின் நடுவில் கூட்டமாக வைக்கவே கூடாது. கீழே சுவரோ பீமோ இருக்கும் வரிசை பார்த்து, ஓரமாகப் பரப்பி வைக்க வேண்டும். பைக்குக் கீழே இரண்டு செங்கல் கொடுத்தால் தளத்தில் ஈரம் தங்காது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்பு ஒரு தனிப் பாடு. நார்க்கழிவிலேயே உப்பு இருக்கிறது. கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி, குறைந்தது இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இது தெரியாமல் முதல் முறை அப்படியே கலந்துவிட்டேன். கத்தரி நாற்றின் இலை ஓரமெல்லாம் தீய்ந்து போனது. எங்கள் தெருவில் போர் தண்ணீரும் உப்புத்தான். அதனால் குடிதண்ணீர்க் குழாயில் வருவதைப் பிடித்து வைத்துத்தான் ஊற்றினேன்.

ஆனால் கடலோரத்துக்கென்று ஒரு வசதியும் உண்டு. மீன் கழிவு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு, மூடி போட்ட டப்பாவில் நிழலில் ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் இலை கரும்பச்சையாக எழும்பும். நன்றாக ஊறியதில் மீன் நாற்றம் போய்ப் பழவாடை வரும். அந்த வாடை வந்தால் பதம் சரி.

தோட்டத்தில் நான் இன்றும் மறக்காதது பீர்க்கங்காய்ப் பூ. அது காலையில் பூக்காது, சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குத்தான் விரியும். நல்ல மஞ்சள். ஆண் பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாக வரும், பெண் பூ தனியாக வரும். பெண் பூவின் அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சு, வரி வரியாக, பீர்க்கங்காயின் சாயலோடு ஏற்கெனவே இருக்கும். எங்கள் மாடிக்கு அந்த நேரத்தில் வண்டு வருவது குறைவு. அதனால் ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழை உரித்து, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுத் தடவ வேண்டும். பிடித்துக்கொண்டால் இரண்டு நாளில் பிஞ்சு தலை கவிழ்ந்து நீள ஆரம்பிக்கும். பிடிக்கவில்லை என்றால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் அம்மாதான் இதைச் செய்வார். நான் இரவு பதினொரு மணிக்கு வந்தால், "இன்னிக்கு மூணு பூ தொட்டு விட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சோறு போடுவார்.

சரி, அந்த நான்கு நாள் கேள்விக்கு வருவோம். ஒரு சித்திரை மாதம் உறவில் கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். திரும்பி வந்தபோது தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றும் நின்ற வாக்கிலேயே காய்ந்திருந்தன. சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தின் மேல் இருக்கும் பைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், சில நாள் இரண்டு வேளை. சொட்டுநீர் போடலாம், பச்சை வலை கட்டலாம், இரண்டும் உதவும். ஆனால் மாவுப்பூச்சி வந்தால் சொட்டுநீர் என்ன செய்யும்? இலையைத் திருப்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். முதல் நாள் பார்த்தால் பஞ்சால் துடைத்தே எடுத்துவிடலாம், ஐந்தாம் நாள் பார்த்தால் செடியைப் பிடுங்க வேண்டியதுதான்.

அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்த ஊர் இது. பந்தல் போடும்போதே காற்றை நினைத்துத்தான் போட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. என் பீர்க்கம்பந்தல் அடுத்த வீட்டு மாடியில் கிடந்தது. அதே மாதம் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, மாடி ஏறுவது நின்றது. அதோடு எங்கள் பெரிய தோட்டமும் நின்றது. இரண்டில் எது காரணம் என்று கேட்டால், புயலைச் சொல்ல மாட்டேன். பந்தலைத் திரும்பக் கட்டியிருக்கலாம். தினமும் மேலே ஏறிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

தூண்டிலைப் பற்றிச் சொல்ல என்னிடம் குறைவாகத்தான் இருக்கிறது. சித்தப்பா மகன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தூண்டில் போடுவான், அவனோடு ஒரு கோடை முழுக்கப் போனேன். பத்தடிக் கம்பு, ரீல், நரம்பு என்று சொல்லும் நைலான் நூல், ஈயக்குண்டு, முள், இரைக்குச் சின்ன இறால். கரையிலிருந்து கிழங்கான் கிடைக்கும், கெளுத்தி கிடைக்கும். கெடிலம் முகத்துவாரத்துப் பக்கம் பொழுது சாயும் நேரம் கொடுவா மாட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். எனக்கு ஒருமுறைகூட மாட்டவில்லை.

நான்கு நாள் கேள்விக்குத் தூண்டில் நல்ல பதில் சொல்கிறது. கம்பைக் கழுவித் துடைத்து மூலையில் சாய்த்துவிட்டால் நான்கு மாதம் ஆனாலும் அது உங்களுக்காகக் காத்திருக்கும். ரீலை மட்டும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு பிடித்துவிடும்.

ஆனால் கடல் தெரியாதவர்கள் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. புதுச்சேரியில் கரையோரப் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அலை எந்த நேரம் எப்படி எழும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. நைட் ஷிப்ட் முடித்த தூக்கக் கண்ணோடு பாறை மேல் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயம். கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் முள் குத்தினால் கை விண்ணென்று தெறிக்கும். தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் கையை முக்கி வைத்தால் வலி குறையும், அப்புறம் டாக்டரிடம் போக வேண்டும். மீனவக் குடும்பத்து நண்பன் ஒருவன் கூட இருந்தால் தூண்டில் அருமையான பொழுது. இல்லையென்றால் நான் சொல்ல மாட்டேன்.

தூண்டில் போடும் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிக்கிய நரம்பை அறுத்து அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். காலில் நரம்பு இறுகி, ஒற்றைக் காலில் நொண்டிய கொக்கை உப்பனாற்றங்கரையில் பார்த்திருக்கிறேன். துண்டு நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள அரை நிமிடம் ஆகாது.

பறவைக்கு வருகிறேன். சேதராப்பட்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுத்து வைத்த இடம் ஊசுட்டேரி. கம்பெனியிலிருந்து பைக்கில் சிறிது தூரம்தான். சுமார் 800 ஹெக்டேர், பாதி புதுச்சேரியிலும் மீதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நைட் ஷிப்ட் ஆறு மணிக்கு முடிந்தால் ஆறரைக்குக் கரையில் நிற்கலாம். பறவைகளுக்கும் அதுதான் நல்ல நேரம். இந்த ஒன்றுக்கு மட்டும் நைட் ஷிப்ட் கைகொடுக்கிறது.

செலவு ஒரு பைனாகுலர். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். ஆனால் பத்து மடங்கில் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பார்க்கும் பரப்பும் பொதுவாகச் சுருங்கும். பழகும் வரை எட்டுதான் சரி. அதுவும் உடனே வேண்டாம், இரண்டு மாதம் வெறுங்கண்ணால் பாருங்கள். கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, மீன்கொத்தி, இவற்றை அடையாளம் காணக் கண்ணே போதும். ஆசை நிலைத்தால் அப்புறம் காசு போடலாம்.

நத்தைகுத்தி நாரையை முதல் முறை பைனாகுலரில் பார்த்த காலை நன்றாக நினைவிருக்கிறது. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டி சரியாக மூடாதது போல. தை மாதம், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அலகை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. தலை மட்டும் லேசாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியபோது அலகில் நத்தையின் சதை மட்டும் இருந்தது, ஓடு இல்லை. பெயர் நத்தைகுத்தி என்றாலும் அது பெரும்பாலும் ஓட்டைக் குத்தி உடைப்பதில்லை. தண்ணீருக்குள்ளேயே, கண்ணால் பார்க்காமலே, அலகு நுனியை ஓட்டின் வாய்க்குள் விட்டுச் சதையை உருவிவிடுகிறது. அந்த இடைவெளி குஞ்சிலேயே இருக்காது, வளர வளரத்தான் வரும். அரை மணி நேரம் அந்த ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்ற கால் வலி அதுவரை தெரியவே இல்லை.

பார்த்ததை இபேர்ட் செயலியில் பதிந்து வைக்கிறேன், அது இலவசம். இடம், நேரம், எந்தப் பறவை எத்தனை. ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் இப்படித்தான் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று கண்டதையெல்லாம் எழுத வேண்டும், அவ்வளவுதான். வீட்டு மாடியில் நின்று எழுதிய காக்கை, மைனா பட்டியலும் கணக்கில் சேரும்.

பறவை பார்ப்பதிலும் குறை இருக்கிறது. வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். தோட்டம் போட்ட காலத்தில் இரண்டு கத்தரிக்காய் பறித்தாலும் வீட்டில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம். ஊசிவால் வாத்து இருநூறு பார்த்தேன் என்று சொன்னால் "அப்படியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. கோடையில் ஏரி சுருங்கிவிடும், வடக்கிலிருந்து வரும் வாத்துகள் பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். வைகாசி, ஆனியில் கரையில் நின்றால் வெயில்தான் மிச்சம். ஆனால் நான்கு நாள், நான்கு வாரம் போகாவிட்டாலும் அங்கே எதுவும் வாடாது. நான் போகாத நாளிலும் நாரை நத்தை பிடிக்கும். திரும்பப் போகும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் வேலைக்கு இதுதான் பொருந்துகிறது என்று ஆறு ஆண்டாக நான் நம்புகிறேன்.

தம்பிக்கும் இதையே சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்கு முன் வீட்டில் யார் யார் என்று கேட்டேன். வில்லியனூரில் சொந்த வீடு, அப்பா போன ஆண்டு ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார், தினமும் காலையில் மாடியில்தான் நடக்கிறாராம். அப்படியென்றால் தோட்டமே போடு என்றேன். பத்துப் பைக்கு மேல் முதலில் வேண்டாம், அப்பாவைக் கேட்காமல் ஒரு விதைகூட வாங்காதே என்றும் சொன்னேன். ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் நார்க்கழிவை இரண்டு முறை அலசிவிட்டார்களாம், நேற்று போனில் படம் அனுப்பியிருந்தான்.

என் மாடியில் இப்போது எட்டுப் பை இருக்கிறது. பிரண்டை, கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை என்று, நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்குகிறவை மட்டும். பழைய மீன் அமிலம் அரை பாட்டில் மீதி இருக்கிறது, நாளைக்குத் தம்பிக்குக் கொண்டுபோகிறேன். உள்ளே காற்று சேர்ந்திருக்கும், மூடியை மெதுவாகத் திறக்கச் சொல்ல வேண்டும்.