உப்புக் காற்றில் என் கியர் சைக்கிள்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கிறேன். 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டும் ஆசையில் வாங்கிய சைக்கிள் இது. அலுமினிய ஃப்ரேம், நடுத்தர விலை. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வாங்கிய புதிதில் ராமேஸ்வரம் போய் வந்தாலே தொடை கெஞ்சும். இந்த வருடம் ஒருவழியாக நேரத்துக்குள் முடித்துவிட்டேன்.

ஃப்ரேமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட வந்த ஸ்குரூக்கள் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்தன. அவ்வப்போது ஒன்றிரண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் பெரிய வேலை செயின்தான். தனுஷ்கோடி சாலையில் மணல் பறந்துகொண்டே இருக்கும். கெட்டியான எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி, செயின் கரகரவென்று அரைக்கும். இப்போது மெழுகு கலந்த ஆயில். ஒவ்வொரு கண்ணியின் உள்பக்கமும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் வறண்டுபோகத் துடைப்பேன். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, குதிகாலை பெடலில் வைத்தால் முழங்கால் நேராகும் அளவில் நிறுத்தியதும் முட்டிவலி போனது.

சின்னச் சின்ன முன்னேற்றத்துக்கு உதாரணமாக, பிரிட்டன் சைக்கிள் அணியை நடத்திய டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டு ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதம் கூட்டப் பார்த்ததையும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டிராக் சைக்கிள் பந்தயங்களில் இருந்த 10 தங்கத்தில் 7 அவர்களுக்கு வந்ததையும் பலர் சொல்வார்கள். அந்த அணிக்கு அந்நாட்டு தேசிய லாட்டரிப் பணம் கொட்டியதை மட்டும் விட்டுவிடுவார்கள். தினம் ஒரு சதவீதம் கூடினால் வருடத்தில் 37 மடங்கு என்பதும் கணக்குக்குச் சரி, என் முட்டிக்கு அது தெரியாது.

முன்னேற்றம் தெரியவே தெரியாத மாதங்கள் உண்டு. ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால், பாம்பன் பாலத்தில் திரும்பி வரும்போது முகத்தில் அறையும். போன மாதத்தைவிட மெதுவாகத்தான் வருவேன். அதனால் போனில் பதிவாகும் நேரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதில்லை. இந்த ஆடியைப் போன ஆடியோடுதான் ஒப்பிடுவேன். அப்போதுதான் சீட்டும் செயினும் காலும் சேர்ந்து என்ன செய்திருக்கின்றன என்று புரியும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பிரேக் கேபிளுக்கு மட்டும் தனியாகக் காசு எடுத்து வையுங்கள், அது உப்புக்குத் தாங்காது.