மாதப் போட்டியா, சோடி வாசிப்பா?

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கரையோர ஊர்க்காரர்கள் கைப்பேசி வழியாகவே கூடும் எங்கள் எழுத்துக் குழுவைச் சீர்படுத்த இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி வைப்பது ஒன்று. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் கதையை மற்றவர் வரிவரியாகப் படித்துச் சொல்வது இன்னொன்று.

போட்டியில் கெடு இருக்கிறது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவரையும் அது எழுத உட்கார வைக்கும். அதோடு சரி. வென்றவருக்குக் கைதட்டல், மற்றவர்களுக்கு ஒரு 'அருமை'. கதை எங்கே சறுக்கியது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

சோடி வாசிப்பில் அப்படித் தப்ப முடியாது. கடல்பாசி எடுக்கும் பெண்ணைப் பற்றி ஒரு கதை என்று வையுங்கள். நடுவர் 'உருக்கம்' என்று மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார். பாம்பன்காரர் படித்தால், "பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றுவாங்களே, அது எங்கே? ஆனி மாசத்துல வாடைக்காத்து எப்படிங்க அடிக்கும்?" என்று கேட்பார். கதை திருந்துவது அங்கேதான்.

சோடியில் ஒருவர் பதிலே போடாமல் இருந்துவிடும் தொல்லை உண்டு. மாதாமாதம் ஆளை மாற்றினால் தீரும்.

என் ஓட்டு சோடி வாசிப்புக்கே. போட்டி வேண்டுமென்றால் வருடம் ஒருமுறை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்கலாம். விசைப்படகில் போகிறவர்களும் அப்போது கரையில் இருப்பார்கள். வருமானம் இல்லாத நேரம் அது, அதனால் நுழைவுக் கட்டணம் மட்டும் வேண்டாம்.