300 கிலோமீட்டர் ஓர் இரவு, 14 கிலோமீட்டர் மூன்று நாள்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் கோயம்புத்தூரில் அம்மாவுக்கு ஒரு கிரைண்டர் வாங்கினேன். லாரி ஆபீஸில் 'டு பே' (வாடகையைச் சரக்கு எடுக்கும்போது கட்டுவது) போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கோவில்பட்டி சுமார் 300 கிலோமீட்டர், நாலு நாளாவது ஆகும் என்று கணக்கு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே போன்: "பார்சல் குடோனுக்கு வந்துருச்சு சார்." அசந்துவிட்டேன். நாலுவழிச் சாலை வருவதற்கு முன்பு இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து எங்கள் ஊர் 14 கிலோமீட்டர். அதற்குத்தான் மூன்று நாள்.

"அந்த ரூட்டுக்கு லோடு சேரட்டும், அண்ணாச்சி" என்றார் குடோன்காரர். மறுநாள் போனேன், லோடு சேரவில்லை. அதற்கடுத்த நாளும் அதே பதில். சாக்கில் ஊதா மையில் எழுதியிருந்த எங்கள் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் காலை ஆறரை மணி பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டி, கண்டக்டர் கையில் ஏதாவது கொடுத்தால் வாசலிலேயே இறக்கிவிடுவார். இப்போது ஓடும் பஸ்ஸில் மேலே கேரியரே கிடையாது.

சிங்கப்பூரில் நான் வேலை பார்ப்பதும் கிடங்கில்தான். லாரி வர அரை மணி பிந்தினால் போதும், ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உலக வங்கியின் 2023 சரக்குப் போக்குவரத்துப் பட்டியலில் 139 நாடுகளில் சிங்கப்பூர் முதலிடம், இந்தியா 38. ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் நாடு விட்டு நாடு போகிற சரக்கைப் பற்றியது. குடோனில் கிடந்த என் கிரைண்டர் அதில் வராது.

பக்கத்தில் கடலைமிட்டாய் பெட்டிகளோடு நின்ற ஒருவர் பேச்சுக் கொடுத்தார். 2017-இல் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வரி செக்போஸ்ட்கள் போனதிலிருந்து, வடக்கே போகிற தீப்பெட்டி லாரிகளுக்கு வழியில் நிற்கிற நேரம் குறைந்ததாம். "ஆனா கிராமத்துல போடுற மிட்டாயை இங்க கொண்டுவந்து சேர்க்கிற வாடகைதான் தம்பி லாபத்தை முழுங்குது" என்றார். டவுனுக்கே குடிவந்துவிட்ட தொழில்காரர்களை வரிசையாகச் சொன்னார். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மழை இல்லாததைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாடகையை நான் யோசித்ததே இல்லை.

மூன்றாம் நாள் பொறுமை போய் ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) பிடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்ததற்கு 350 ரூபாய், இதற்கு 700. கேட்டால், "திரும்பி வர்றப்ப காலியாத்தான வரணும், ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான்" என்றார் டிரைவர். அதுவும் நியாயம்தான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கிரைண்டரை இறக்கி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டுச் சித்தி ஓடி வந்தார். கமிஷன் கடைக்குப் போக வேண்டிய உளுந்து நான்கு மூட்டை, வண்டி கிடைக்காமல் ஒரு வாரமாகத் திண்ணையில் கிடக்கிறதாம். 200 ரூபாய்க்குப் பேசி ஏற்றிவிட்டார்கள்.

"அப்ப என் வாடகையில கொஞ்சம் கழிச்சுக்கலாமே அண்ணே" என்றேன். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.