"ரணவிரு (போர்வீரர்) கோட்டாவில் வீடு" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

யுத்தத்தில் கை, கால், கண் இழந்தவர்களின் வீடுகளைத் தேடி மோட்டார் சைக்கிளில் கோவையோடு (பைல்) சிலர் வருகிறார்கள். "ஆமி ஆக்களுக்கு வந்த வீட்டில மிச்சம் கிடக்கு அக்கா. இண்டைக்கே பேரைப் போடணும், மறுகா கேட்டா என்னால ஏலாது" என்பதுதான் பேச்சு. பதிவுக் காசு, வீட்டுப்படம் கீறும் காசு, கொழும்பில் கோவையை நகர்த்தும் காசு என்று தவணை தவணையாக வாங்குகிறார்கள். மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு குடும்பம் காசோடு காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியையும் கொடுத்துவிட்டு நிற்கிறது. கையில் இருப்பது கடையில் விற்கும் சாதாரணப் பற்றுச்சீட்டு. தொடரிலக்கம் இல்லை, அலுவலகப் பெயர் இல்லை, "வீட்டுத்திட்டம்" என்ற றப்பர் முத்திரை மட்டும். அரச அலுவலகம் காசு வாங்கினால் தொடரிலக்கம் அச்சிட்ட "பொது 172" என்ற பற்றுச்சீட்டு தரும்.

அப்படியொரு மிச்சக் கோட்டா (ஒதுக்கீடு) கிடையாது. ரணவிரு சேவா அதிகாரசபை 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. முப்படையிலும் பொலிஸிலும் கடமையில் அங்கவீனமானவர்களுக்கும், இறந்த, காணாமற்போன படையினரின் குடும்பங்களுக்கும் உரியது. சேவை இலக்கமும் மருத்துவச் சபை அறிக்கையும் இல்லாத ஒருவரை எந்தத் தரகராலும் அதற்குள் நுழைக்க முடியாது. பொலிஸில் இருந்து காயப்பட்ட தமிழ், முஸ்லிம் ஆட்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது உரிமை. தரகர் தேவையே இல்லை.

சிவில் ஆட்களுக்கு வழி வேறு. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டுதவி, தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்கள் இரண்டையும் பற்றி அங்கேயே கேட்கலாம். யுத்தத்தில் பட்ட காயத்துக்கான நட்டஈடு, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்தின் வேலை. விண்ணப்பப் படிவத்துக்குக் காசில்லை.

உண்மையில் விண்ணப்பங்கள் சிக்குவது காணியில்தான். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். அங்கவீனமானவர் கணவர், காணி உறுதி மனைவியின் பெயரில். இந்த நிலையில் விவாகப் பதிவுச் சான்றிதழையும் மனைவியின் எழுத்துமூலச் சம்மதத்தையும் சேர்த்து, யார் பெயரில் விண்ணப்பிப்பது என்று முதலே கேட்டுவிடுங்கள். அனுமதிப்பத்திரம் செத்துப்போன தகப்பனின் பெயரிலேயே கிடந்தால் இன்னும் சிக்கல். பின்னுரித்தை (அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை) பிரதேச செயலகக் காணிக் கிளையில் மாற்றாமல் வீட்டு விண்ணப்பம் நகராது. அதற்கு மாதக்கணக்கில் செல்லும் என்பதால் அந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும். தரகர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், சொன்னால் அவசரம் காட்டிக் காசு பறிக்க முடியாது.

உதவிப் பணம் வரும் விதத்தையும் அறிந்திருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 550,000 ரூபாய் கிடைத்தது. கட்டுமானம் உயர உயர, பயனாளியின் சொந்த வங்கிக் கணக்குக்கே அது பகுதி பகுதியாக வந்தது. பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டியதே தவிர, உங்களிடமிருந்து போக வேண்டியதல்ல. ஏரிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் "வேலையைச் சுகமாக்க" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி வாங்குங்கள். அனுமதிப்பத்திரம் யார் கையில் போனது, வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்தீர்களா என்பதைக் காணிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். அந்த வெற்றுத்தாள்தான் மிகப் பெரிய ஆபத்து, நாளைக்கு அதிலே கடன் ஒப்பந்தமும் எழுதலாம். அரச உத்தியோகத்தர் ஒருவரே காசு கேட்டிருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

உங்கள் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுங்கள். எழுத ஏலாதவர்கள் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுத்து அறிவிக்க வேண்டும்.