சுக்கான் மண்ணில் டிஏபியும் சூப்பரும்: ஆறு ஆண்டு அனுபவம்

“மாமா, மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) அடியுரமாக டிஏபி வாங்கட்டுமா, சூப்பர் வாங்கட்டுமா?” என்று குடியாத்தத்திலிருந்து மைத்துனர் கேட்டார். டிஏபி என்பது டை அம்மோனியம் பாஸ்பேட், சூப்பர் என்பது சூப்பர் பாஸ்பேட்; இரண்டும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் உரங்கள். தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் உள்ள என் நிலத்தின் கார அமில நிலை 8.4, ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், தட்டுப்படும். முதல் மூன்று ஆண்டுகள் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபியைக் கடைசி உழவில் கையால் வீசினேன். 1,350 ரூபாய் போன தடம் காயில் தெரியவில்லை. இத்தகைய மண்ணில் உரத்திலிருந்து கரைந்து வரும் மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு, நாள் செல்லச் செல்ல வேரால் எளிதில் எடுக்க இயலாத கால்சியம் பாஸ்பேட்டாக இறுக்கிவிடுகிறது. இட்ட பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குதான். வீசி உழும்போது ஒவ்வொரு குருணையும் நிறைய மண்ணைத் தொடுவதால், அந்த இழப்பை நாமே பெருக்குகிறோம்.

நான்காம் ஆண்டு சூப்பர் பாஸ்பேட்டை மக்கிய எருவோடு கலந்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடி வைத்து, விதைக்குச் சற்றுத் தள்ளிச் சாலிலேயே இட்டேன். காய் திரண்டு வந்தது. ஆனால் உரத்தையும் இடும் முறையையும் ஒருசேர மாற்றிவிட்டு, சூப்பரை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. ஆகவே மறு ஆண்டு பாதி நிலத்தில் டிஏபி, பாதியில் சூப்பர், இரண்டையும் சாலிலேயே இட்டுப் பார்த்தேன். செடி வளர்த்தியில் வேறுபாடு தெரியவில்லை; காய் மட்டும் சூப்பர் இட்ட பாதியில் நன்றாக நிறைந்திருந்தது. சூப்பரில் உள்ள 11 சதவீதக் கந்தகமே காரணம் என்று கருதுகிறேன்; அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்றாலும், அதற்கு எங்கள் மண்ணில் பஞ்சமில்லை. டிஏபி பாதியில், குருணை விதையை ஒட்டி விழுந்த இடங்களில், அதிலிருந்து எழுந்த அம்மோனியா முளையைக் கருக்கிச் சால் முழுவதும் இடைவெளி விட்டிருந்தது. அது உரத்தின் குற்றமன்று, என் அவசரம்.

என் கோபமெல்லாம் சூப்பரின் எடை மீதுதான். ஒரு மூட்டை டிஏபி தரும் 23 கிலோ மணிச்சத்துக்குச் சூப்பர் மூன்று மூட்டை வேண்டும். ஏற்றுகூலியும் ஆள்கூலியும் சேர்ந்தால் மலிவு என்ற பேச்சே எழாது. மழையில் ஈரம் பட்டு இறுகிய மூட்டையைச் சம்மட்டியால் உடைத்த நாளை நான் மறக்கவில்லை. கடைகளோ அதை இருப்பு வைப்பதில்லை. நான் வழக்கமாக வாங்கும் கடையில் டிஏபி கேட்டாலும் வேண்டாத பொருளொன்றைச் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள்.

இவ்வளவு பேசிய பின்னும், இந்த ஆடிப் பட்டத்துக்கு நான் இரண்டையும் வாங்கவில்லை. மண் பரிசோதனையில் மணிச்சத்து எக்டேருக்கு 26 கிலோ என்று வந்திருக்கிறது. 22 கிலோவைக் கடந்தாலே அதிகம் என்பது கணக்கு. இத்தனை ஆண்டு இட்டது முழுவதும் வீணாகவில்லை, மண்ணில் தங்கியிருக்கிறது. மேலும் மேலும் இட்டால் துத்தநாகப் பற்றாக்குறைதான் கூடும். போன பருவம் நெல்லின் இலையில் துரு நிறப் புள்ளிகளாக அதைக் கண்டேன். அந்தப் பணத்தில் நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் வாங்கியிருக்கிறேன். மைத்துனர் முதலில் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனைக்கு வழி கேட்கட்டும். அறிக்கை வந்த பிறகு எத்தனை மூட்டை என்று பேசிக்கொள்ளலாம்.