டீகாஸ் திரையோட நாலு வருஷம்

டெல்லியில ஏ320 ஓட்டுற ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட், நான், நாலு வருஷம் ஆச்சு. ஆர்.கே.புரத்துல பக்கத்து வீட்டு மாமா எப்பப் பாத்தாலும் "மேல எதிர்ல வர்றவன் உங்களுக்கு எப்படிப்பா தெரியும்"னு கேப்பார், ஒவ்வொரு தடவையும் பாதியிலயே லிஃப்ட் வந்துடும், அதான் இங்க முழுசா. பதில் டீகாஸ், பக்கத்துல வர்ற விமானத்தைக் கண்டுபிடிச்சு மோதாம எச்சரிக்கிற கருவி.

முன்னாடி இருக்கிற நேவிகேஷன் டிஸ்ப்ளேயில சுத்தி பறக்கிற விமானமெல்லாம் சின்னச் சின்ன டைமண்டா தெரியும். 6 மைலுக்கும் 1200 அடிக்கும் உள்ள வந்தா அந்த டைமண்ட் உள்ள கலர் நிரம்பிடும், நெருங்குற வேகம் சரியில்லைன்னா ஆம்பர் வட்டமாகி "டிராஃபிக், டிராஃபிக்"னு கத்தும், கடைசியா சிவப்பு சதுரம், அப்போ ஏறணுமா இறங்கணுமான்னு அதுவே சொல்லிடும். பக்கத்துல +10னு போட்டா நம்மளவிட 1000 அடி மேலன்னு அர்த்தம்.

முதல் வருஷம் நான் இதை கூகுள் மேப் மாதிரி நம்பிட்டேன். ஒரு டிசம்பர் காலை, கீழ வெள்ளை வெளேர்னு பனி, திரையில வலது பக்கம் ஒருத்தன், நானும் "ரைட்ல, சார்"னு சொல்லிட்டு கண்ணாடியில மூக்கை ஒட்டி தேடுறேன், அவன் சாவகாசமா நேர் மூக்குக்கு முன்னாடி கடந்து போறான். இறங்கி பஸ்ல ஏறினப்புறம் கேப்டன், கோயம்புத்தூர்க்காரர், "தம்பி, ஹைட்டை நம்பு, டைரக்ஷனை நம்பாதே"ன்னார். அப்புறம் படிச்சப்பதான் புரிஞ்சது. நம்ம டீகாஸ் பெட்டி ரேடியோவுல கேள்வி அனுப்புது, அவன் விமானத்துல இருக்கிற டிரான்ஸ்பாண்டர்ங்கிற ரேடியோ பெட்டி தானா பதில் அனுப்புது, பதில் வர்ற நேரத்தை வச்சு தூரம், பதிலுக்குள்ளயே உயரம், ஆனா திசை மட்டும் ஆன்டெனா போடுற உத்தேசக் கணக்கு. அதனாலதான் அது இடது வலதுன்னு திரும்பச் சொல்றதே இல்ல, மேல கீழ மட்டும்தான்.

இந்த ஊர்ல உட்கார்ந்துட்டு உயரத்தோட மதிப்பு தெரியாம இருக்க முடியாது. 1996 நவம்பர் 12, சர்க்கி தாத்ரி மேல சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் செத்தாங்க, ரெண்டுக்கும் நடுவுல 1000 அடி இருந்திருக்கணும், அப்போ டெல்லி ரேடார்ல விமானத்தோட உயரமே தெரியாது. அதுக்கப்புறம்தான் இங்க டீகாஸை கட்டாயமாக்கினாங்க.

எரிச்சல்னா ஒண்ணு இருக்கு, ஏறி முடிச்சு லெவல் ஆகப்போற நேரத்துல வேகமா ஏறினா, மேல இருக்கிறவனுக்கு 1000 அடி கீழயே நாம நின்னுடுவோம்னு அதுக்குத் தெரியாது, கத்த ஆரம்பிச்சிடும். இப்பல்லாம் கடைசி 1000 அடியில நிமிஷத்துக்கு 1500 அடிக்குக் கீழ குறைச்சிடுறேன், சத்தம் அடங்கிடுச்சு. பேசஞ்சருக்கும் வயித்தைப் பிரட்டாது.

போன வாரம் மாமா லிஃப்ட்டை கையால தடுத்து வச்சுட்டு கேட்டார், "அப்போ ஆகஸ்ட் 15க்கு பசங்க விடுற பட்டம்?" டிரான்ஸ்பாண்டர் இல்லாதது எதுவும் திரையில வராது மாமா, பட்டமும் சரி, பருந்தும் சரி.