சபாநாயகர் நாற்காலிக்கு இரண்டு பேரங்கள்: பெலோசி 2018, மெக்கார்த்தி 2022

அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் (அதிபரின் நாலு வருஷப் பதவிக் காலத்துக்கு நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்) முடிந்த மறுநாளே கட்சிக்குள் அடுத்த தேர்தல் தொடங்கிவிடும். மக்கள் ஓட்டுப் போடுவது நவம்பரில், புதிய பிரதிநிதிகள் சபை கூடுவது ஜனவரி 3. நடுவில் கிடைக்கும் ஏழெட்டு வாரங்கள்தான் பேரக் காலம். தோற்ற கட்சியிலும் இது உண்டு. 2010-ல் 63 இடங்களைப் பறிகொடுத்த ஜனநாயகக் கட்சியில் ஸ்டெனி ஹோயர், ஜேம்ஸ் கிளைபர்ன் இருவரும் கொறடா பதவிக்கு முட்டிக்கொண்டார்கள். சபையில் அந்தக் கட்சியின் தலைவரான நான்சி பெலோசி 'உதவித் தலைவர்' என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி, கிளைபர்னை அதில் உட்காரவைத்துப் பிரச்சினையை முடித்தார். ஆனால் ஜெயித்த கட்சியில் நடக்கும் பேரம்தான் உண்மையான பேரம். அங்கே கைமாறுவது சபாநாயகர் நாற்காலி.

அந்த நாற்காலியை நடுநிலைப் பதவி என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர்தான் அங்கே சபாநாயகர். எந்த மசோதா ஓட்டெடுப்புக்கு வரும், எது கமிட்டியிலேயே தூங்கும் என்பது பெரும்பாலும் அவர் கையில். அவரைத் தேர்ந்தெடுப்பது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் கட்சிக்குள் ரகசிய ஓட்டு. அதில் பாதிக்கு மேல் வாங்கினால் போதும். அப்புறம் ஜனவரி 3 அன்று சபையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, எழுந்து வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் பெயரைச் சொல்லி விழுந்த ஓட்டுகளில் பாதிக்கு மேல் வேண்டும். 435 பேரும் ஓட்டுப் போட்டால் 218. யாராவது 'ஆஜர்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டால் அது கணக்கில் சேராது, தேவைப்படும் எண்ணும் இறங்கும். எதிர்க்கட்சி மொத்தமாகத் தன் தலைவருக்கே போடும் என்பதால், சொந்தக் கட்சியில் பத்துப் பதினைந்து பேர் முறைத்துக்கொண்டாலே ஆட்டம் கண்டுவிடும்.

2018-ல் பெலோசிக்கும் 2022-ல் கெவின் மெக்கார்த்திக்கும் வந்தது இதே சிக்கல்தான். இருவரும் இடைக்காலத் தேர்தலில் சபையைக் கைப்பற்றிய கட்சியின் தலைவர்கள். பெலோசியின் கட்சிக்கு 235 இடங்கள். நவம்பர் 28 அன்று கட்சிக்குள் நடந்த ஓட்டில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, ஆனாலும் 203 பேர் ஆதரவு, 32 பேர் எதிர்ப்பு. மெக்கார்த்தியின் குடியரசுக் கட்சிக்கு 222 இடங்கள். நவம்பர் 15 அன்று அவருக்கு 188, எதிர்த்து நின்ற ஆண்டி பிக்ஸுக்கு 31. அதிருப்தியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். பெலோசியால் சபையில் 17 பேரை இழந்து சமாளிக்க முடியும், மெக்கார்த்தியால் நாலு பேரை. ஆக, அன்றைய தேதிக்கு இருவர் கையிலும் நாற்காலி இல்லை.

பெலோசி சில்லறை வியாபாரம் செய்தார், ஒவ்வொருவராக. 16 பேர் கையெழுத்துப் போட்டு "புதிய தலைமை வேண்டும்" என்று கடிதம் விட்டிருந்தார்கள். செத் மோல்டன், டிம் ரயன், கேத்லீன் ரைஸ் ஆகியோர் அதன் முன்வரிசை. அவர்களிடம் ஆளை மாற்ற வேண்டும் என்ற ஆசை இருந்தது, மாற்று ஆள் இல்லை. ஒஹாயோவின் மார்சியா ஃபட்ஜ் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சில நாட்களில், தான் போட்டியிடவில்லை, பெலோசியை ஆதரிக்கிறேன் என்று அறிவித்தார். அதே சமயத்தில், தேர்தல் தொடர்பான துணைக் கமிட்டி ஒன்றுக்கு மறுபடி உயிர் கொடுத்து அதற்கு ஃபட்ஜைத் தலைவராக்குவதாக பெலோசி அறிவித்தார். மறுநாள் நியூயார்க்கின் பிரையன் ஹிக்கின்ஸ். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். 50 வயதிலிருந்தே மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வழி செய்யும் தன் மசோதாவுக்கும், கட்டமைப்புப் பணிகளுக்கும் முன்னுரிமை என்று வாக்கு வாங்கிக்கொண்டு அணி மாறினார். சபை விதிகளைத் திருத்தக் கேட்ட ஒரு குழுவுக்கு, 290 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட மசோதா ஓட்டெடுப்புக்கு வர வழி விடும் ஏற்பாடு கிடைத்தது. யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, அதை மட்டும், அதற்கு மேல் ஒரு பைசா கூடக் கொடுக்காமல் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 11 அன்று வெள்ளை மாளிகையில் கேமராக்கள் முன்னால் டிரம்ப் எல்லைச் சுவர் விஷயத்தில் பெலோசியோடு மோதினார். அரசாங்கத்தை முடக்குவது தனக்குப் பெருமை என்றும் வாய்விட்டார். சிவப்புக் கோட்டோடு பெலோசி வெளியே வந்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. மறுநாளே மிச்சமிருந்த கலகக்காரர்களோடு ஒப்பந்தம். கொடுத்த விலை: சபாநாயகராக இன்னும் நாலு வருஷம்தான், 2022-ஐத் தாண்டி இருக்க மாட்டேன். ஜனவரி 3 அன்று முதல் சுற்றிலேயே 220 ஓட்டு வாங்கி முடித்துவிட்டார். தேவைப்பட்டது 216. கட்சியில் 15 பேர் அவருக்குப் போடவில்லை. அவர்களில் பலர் பிரசாரத்தில் "பெலோசிக்கு ஓட்டுப் போட மாட்டேன்" என்று தொகுதியில் சொல்லிவிட்டு வந்த புதியவர்கள். எண்ணிக்கை கைக்குள் இருந்ததால் அவர்கள் வாக்கைக் காப்பாற்றிக்கொள்ள இடமும் விட முடிந்தது.

மெக்கார்த்தி கதை வேறு. சபை கூடுவதற்கு முன்பே சபாநாயகர் அறைக்குச் சாமான்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். முதல் சுற்றில் கிடைத்தது 203. (பெலோசிக்குக் கட்சிக்குள் கிடைத்த அதே எண். ஆனால் அது மூடிய கதவுக்குள், இது நாடே பார்க்க.) 1923-க்குப் பிறகு ஒரே சுற்றில் சபாநாயகர் தேர்வாகாமல் போனது அதுதான் முதல் தடவை. இரண்டாம் சுற்றில் ஜிம் ஜோர்டன் எழுந்து மெக்கார்த்தியை முன்மொழிகிறார், கலகக்காரர்களோ அந்த ஜோர்டனுக்கே ஓட்டுப் போடுகிறார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் பைரன் டொனால்ட்ஸ் பெயர், ஏழாவதில் கலகக்காரர்களில் ஒருவரான மேட் கேட்ஸின் புண்ணியத்தில் டிரம்புக்கு ஒரு ஓட்டு. மெக்கார்த்திக்கும் உருப்படியான எதிராளி கிடையாது என்பதைக் கவனியுங்கள். அந்த விஷயத்தில் பெலோசியை விட அவருக்கு ஒன்றும் கஷ்டம் அதிகமில்லை.

நாலாம் நாள் இரவு பதினான்காவது சுற்று. ஒரே ஓட்டில் தவறுகிறது. கேட்ஸ் 'ஆஜர்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மெக்கார்த்தி அவர் வரிசைக்கே நடந்துபோய்ப் பேசுகிறார். அலபாமாவின் மைக் ரோஜர்ஸ் கேட்ஸை நோக்கிப் பாய, பின்னாலிருந்து ரிச்சர்ட் ஹட்சன் வாயையும் தோளையும் பிடித்து இழுக்கிறார். டிரம்ப் லைனில் இருக்கும் போனை மார்ஜரி டெய்லர் கிரீன் மொன்டானாவின் மேட் ரோசன்டேலிடம் நீட்ட, அவர் கையை வீசி மறுக்கிறார். சபைக்கு இன்னும் விதிகளே நிறைவேறாததால் சபை நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் டிவியின் கேமராக்கள் இஷ்டம்போல் சுற்றி இதையெல்லாம் பிடித்துவிட்டன. நள்ளிரவு தாண்டிப் பதினைந்தாவது சுற்றில் ஆறு பேர் 'ஆஜர்' சொல்ல, 216 ஓட்டில் ஜெயித்தார்.

விலை என்ன? மசோதாக்கள் சபைக்கு எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்யும் விதிகள் கமிட்டியில் கடும் வலதுசாரிகளுக்கு மூன்று இடம், செலவுக்குக் கட்டுப்பாடு, மசோதாவைப் படிக்க 72 மணி நேரம். எல்லாவற்றிலும் பெரியது, ஒரே ஒரு உறுப்பினர் நினைத்தாலும் சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரலாம் என்ற விதி. முதலில் ஐந்து பேர் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இதே விதியை 2019-ல் பெலோசி எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தார். ஒரு கட்சிக் குழுவே சேர்ந்து சொன்னால்தான் அந்தத் தீர்மானம் எடுபடும் என்று பூட்டிவிட்டார். பெலோசி வாங்கியது தவணை தெரிந்த கடன். மெக்கார்த்தி வாங்கியது கைமாற்று, கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் வாசலில் வந்து நிற்கலாம்.

மெக்கார்த்திக்காகப் பரிந்து பேசுபவர்கள் எண்ணிக்கையைக் காட்டுவார்கள்: 222 பேரை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆகும் என்று. ஆனால் 2020 தேர்தலுக்குப் பிறகு பெலோசியின் கட்சிக்கும் அதே 222 இடங்கள்தான். 2021 ஜனவரியில் அவர் முதல் சுற்றிலேயே 216 ஓட்டில் ஜெயித்தார், ஐந்து பேர் மட்டும் விலகி நின்றார்கள். அதனால் எண்ணிக்கை வாதம் எனக்கு ஒத்துவரவில்லை. எதிரிகளின் தன்மை வேறு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பெலோசியின் எதிர்ப்பாளர்களில் பலர் இழுபறித் தொகுதிக்காரர்கள், கௌரவமாக இறங்கிவர ஒரு ஏணி இருந்தால் போதும். மெக்கார்த்தியை மடக்கியவர்கள் பெரும்பாலும் பத்திரமான தொகுதிக்காரர்கள். தலைமையை எதிர்த்து டிவியில் வந்தால் அவர்களுக்கு லாபம்தான். அப்படிப்பட்டவர்களை துணைக் கமிட்டி கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. அது சரி. ஆனால் அப்படிப்பட்டவர்கள் கையிலா நீக்கும் உரிமையைக் கொடுப்பது?

மிச்சம் தெரிந்ததே. 2023 மே மாதம் பைடனோடு கடன் உச்சவரம்பு ஒப்பந்தம், செப்டம்பர் 30 அன்று அரசாங்கம் முடங்காமல் இருக்க ஜனநாயகக் கட்சி ஓட்டுகளோடு தற்காலிகச் செலவு மசோதா. அக்டோபர் 2 அன்று கேட்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார், மறுநாள் 216-210. தன் கட்சியில் எட்டுப் பேர், எதிர்க்கட்சி முழுவதும். அமெரிக்க வரலாற்றில் பதவியிலிருந்து நீக்கப்பட்ட முதல் சபாநாயகர். எதிர்க்கட்சி காப்பாற்றியிருக்கலாம். ஆனால் பைடனை எதிர்த்துப் பதவிநீக்க விசாரணையைத் தொடங்கிவிட்டு, செலவு மசோதாவுக்குக் கை கொடுத்தவர்கள் மீதே டிவியில் பழி போட்டவருக்காக யாரும் மெனக்கெடவில்லை. பெலோசியோ சொன்ன தவணைப்படி 2022 நவம்பரில் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஹக்கீம் ஜெஃப்ரிஸ் போட்டியின்றி அடுத்த தலைவரானார்.

மெக்கார்த்திக்குப் பின்வந்த மைக் ஜான்சனும் ஒரு வருஷத்துக்கு மேல் அதே ஒற்றை ஆள் விதியின் கீழ்தான் காலம் தள்ளினார். 2024 மே மாதம் கிரீன் கொண்டுவந்த தீர்மானத்திலிருந்து அவரைக் காப்பாற்றியதில் ஜனநாயகக் கட்சியினரின் ஓட்டுக்கும் பங்குண்டு. 2025 ஜனவரியில் புதிய சபை கூடியபோதுதான் விதியை மாற்றினார்கள். இனி பெரும்பான்மைக் கட்சியில் ஒன்பது பேர் சேர்ந்தால்தான் தீர்மானம். மெக்கார்த்தியைக் கவிழ்த்தவர்கள் எட்டுப் பேர்.